எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள

அந்தப் பெட்டி வந்து இறங்கின நாள் இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. 2021ஆம் ஆண்டின் கடைசி. கொழும்பில் ஒரு பெரிய கொம்பனியில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் எண்டால் மூண்டு பேர். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒராள் மட்டக்களப்பு. வெள்ளவத்தையில் ஒரே போடிங், ஒரே பஸ், ஒரே செர்வர் அறை. இந்தக் கட்டுரையையும் மூண்டு பேருமாய்ச் சேர்ந்துதான் எழுதுறம்.

பார்க்கப் பெரிய விசயமாய்த் தெரியாது. பீட்சாப் பெட்டியை விடக் கொஞ்சம் அகலமான ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் வரிசையாக வயர் குத்துற இடங்கள், அவ்வளவுதான். அப்படி இரண்டு வந்தது. ஒண்டு நிண்டுபோனால் மற்றது அந்த நொடியே பொறுப்பெடுக்கும். எங்களுக்கு மேலே இருந்த சீனியர் அண்ணை அதை ராக்கில் பூட்டி முடிச்சுப்போட்டு, வியர்வையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்:

"இனி வேற ஒண்டும் தேவையில்லையடா தம்பிமார். எல்லாம் இதுக்குள்ள கிடக்கு."

அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெட்டியைச் செய்த கொம்பனியின் பேரையும் எங்கட கொம்பனியின் பேரையும் சொல்லப்போறதில்லை. கதைக்கு அது தேவையுமில்லை.

எங்கட ஊர் ஆக்களுக்கு ஃபயர்வோலை விளங்கப்படுத்துறது லேசு. சென்றியைப் பற்றிக் கேள்விப்படாத ஆக்கள் எங்களிட்ட இல்லை. முதல் வகைச் சென்றியில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். எங்க இருந்து வாறீர், எங்க போறீர், எந்த வாசலால் போறீர். பழைய ஃபயர்வோல் செய்தது இதுதான். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின்ர முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து விடும், அல்லது மறிக்கும். இரண்டாவது வகைச் சென்றிக்கு ஞாபகசக்தி உண்டு. 'இவர் காலமை இதால வெளிய போனவர், இப்ப திரும்பி வாறார், விடு' எண்டு சொல்லத் தெரியும். 1993இல் இஸ்ரேலில் தொடங்கின ஒரு கொம்பனிதான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதின்ர பேரே செக் பொயின்ட். முதல்முதல் அதைக் கேட்டபோது மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சம்.

மூண்டாவது வகைச் சென்றி பையைத் திறக்கும். ஓமந்தையில் பஸ்ஸால் இறக்கி, மடிச்சு வைச்ச உடுப்பை ஒண்டொண்டாய் வெளியில் எடுத்துப் பார்த்ததை எங்கட அம்மாமார் இண்டைக்கும் சொல்லுவினம். இந்தப் பெட்டியும் அந்த வகைதான். முகவரி சரியாக இருந்தாலும் உள்ளே என்ன கிடக்கு எண்டு பார்க்கும்.

முந்தி இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெட்டி இருந்தது. ஃபயர்வோலுக்கு ஒண்டு, ஊடுருவலைக் கண்டுபிடிச்சு மறிக்க ஒண்டு, வைரஸ் பார்க்க ஒண்டு, குப்பை ஈமெயிலை வடிக்க ஒண்டு, எந்தத் தளத்துக்குப் போகலாம் எண்டு தீர்மானிக்க ஒண்டு, வீட்டில் இருந்து வேலை செய்யிற ஆக்கள் உள்ளே வர வீபிஎன்னுக்கு ஒண்டு. ஒவ்வொண்டும் வேற வேற கொம்பனி, வேற வேற பாஸ்வேர்ட். ஒண்டு கண்டதை மற்றதுக்குச் சொல்லாது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் எண்ட புழு பத்தே நிமிசத்தில் உலகம் முழுக்கப் பரவினபோது, இப்படித் துண்டு துண்டாகக் காவல் காத்துச் சரிவராது எண்டு கன பேருக்கு விளங்கிவிட்டது. எல்லாத்தையும் ஒண்டாக்கின பெட்டிகளை ஃபோர்டிநெட் போன்ற கொம்பனிகள் ஏற்கெனவே விற்கத் தொடங்கியிருந்தன. 2004இல் ஐடிசி எண்ட சந்தை ஆய்வு நிறுவனம் இந்த வகைக்கு யூடிஎம் எண்டு பேர் வைச்சது. ஒருங்கிணைந்த அச்சுறுத்தல் முகாமை எண்டு தமிழில் சொல்லலாம்.

பெரிய கொம்பனிகள் முதலில் இதை நம்பவில்லை. இது சின்னக் கடைகளுக்குத்தான் சரி எண்டு நினைச்சினம். 2007இல் பாலோ ஆல்டோ நெட்வேர்க்ஸ் தன்ர முதல் பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, 'அடுத்த தலைமுறை ஃபயர்வோல்' எண்ட பேரில் அதே எண்ணம் பெரிய இடங்களுக்குள்ளயும் நுழைஞ்சுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்க இருக்கு எண்டு கேட்டால், எங்கட அனுபவத்தில், விலைப்பட்டியலில்தான் இருக்கு.

பெட்டியோட நாங்கள் படிச்ச முதல் பாடம் டேட்டாஷீட். எல்லாருக்கும் திறந்து கிடக்கிற ஒரு உதாரணம் சொல்லுறம். ஃபோர்டிகேட் 100எஃப் எண்ட பெட்டியின் தாளில் ஃபயர்வோல் வேகம் வினாடிக்கு 20 கிகாபிட் வரை எண்டு இருக்கும். அதே தாளில் கொஞ்சம் கீழே போனால், ஊடுருவல் தடுப்பையும் போட்டால் 2.6. செயலிகளை அடையாளம் காணுறதையும் சேர்த்தால் 1.6. வைரஸ் பார்க்கிறதையும் சேர்த்தால் 1. இருபது ஒண்டாகிவிடுது. இது ஏமாற்று இல்லை. பையைத் திறந்து பார்த்தால் வரிசை நீளும், அவ்வளவுதான். ஆனால் பெட்டி வாங்கக் கையெழுத்துப் போடுற ஆக்கள் முதல் வரியை மட்டும்தான் பார்ப்பினம். எங்கட இடத்திலயும் அதுதான் நடந்தது. எல்லாத்தையும் ஒரேயடியாகப் போட்ட முதல் திங்கட்கிழமை, பதினொரு மணிக்குள்ள "இன்டர்நெட் ஊருது" எண்டு நாற்பது போன் வந்தது. அண்ணை ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வசதியை நிறுத்தினார். எல்லாம் உள்ளே கிடந்தது உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரேநேரம் முழிச்சிருக்கவில்லை.

இரண்டாவது பாடம் பூட்டு. இப்ப இணையத்தில் ஓடுறது பெரும்பாலும் எச்டிடிபிஎஸ், அதாவது உறையில் போட்டு முத்திரை குத்தின கடிதம். பையைத் திறக்கிற சென்றிக்கும் உறைக்குள்ள இருக்கிறது தெரியாது. அதுக்கு இந்தப் பெட்டி ஒரு வேலை செய்யும். உங்களிட்ட தானே அந்தத் தளம் எண்டு நடிக்கும். தளத்திட்ட தானே நீங்கள் எண்டு நடிக்கும். நடுவில் உறையைக் கிழிச்சு, வாசிச்சு, புது உறையில் போட்டுத் தன்ர முத்திரையைக் குத்தி அனுப்பும். உங்கட பிரவுசர் சந்தேகப்படக்கூடாதே. அதால ஒஃபிஸ் கணனி எல்லாத்திலயும் கொம்பனியின் ரூட் சான்றிதழை முதலே ஏற்றி வைப்பினம். எண்ணூறு கணனியில் அதை ஏற்றினது நாங்கள்தான். பிரவுசரில் பூட்டுச் சின்னம் வழமைபோல நிண்டது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒரு பிழை விட்டால் எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்குச் சைபரோம் நல்ல உதாரணம். அகமதாபாத்தில் இருந்து வந்த ஒருங்கிணைந்த பெட்டி அது. அந்தப் பெட்டிகள் எல்லாத்திலயும் ஒரே சாவி இருந்ததை 2012இல் டோர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடிச்சினம். ஒரு பெட்டியை வைச்சிருக்கிற ஆள் இன்னொரு பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஆக்களின்ர உறையையும் கிழிக்கலாம். பிறகு அது திருத்தப்பட்டது.

எங்கட பெட்டியில் வங்கித் தளங்களையும் ஆஸ்பத்திரித் தளங்களையும் திறக்காமல் விடவேணும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகவும் யோசிக்கவில்லை. பெட்டி ஊழியர் பட்டியலோட இணைஞ்சிருந்ததால திரையில் கணனி எண் வராது, ஆளின்ர பேர்தான் வரும். யார், எத்தனை மணிக்கு, எந்தத் தளம், என்ன சொல்லைப் போட்டுத் தேடினவர். முதல் இரண்டு கிழமை நாங்கள் அதைப் பார்த்துச் சிரிச்சிருக்கிறம். அதை மறைக்கிறதில் அர்த்தமில்லை. பிறகு ஒருநாள் ஒராள் தேடின நோயின்ர பேர் திரையில் வந்தது. சிரிப்பு நிண்டுபோச்சு. அண்டைக்கு அந்தத் திரையை மூடினம். ஆனால் அமைப்பை மாற்றவில்லை.

2022 நடுப்பகுதி எப்படி இருந்தது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பத்தரமுல்லையில் பாஸ்போட்டுக்கு இரவிரவாய் வரிசை. எல்லாரும் போறதைப் பற்றித்தான் கதைச்சினம். அந்த நாட்களில் ஒருநாள் மனேஜர் எங்களைக் கூப்பிட்டார். எச்ஆர் பகுதிக்கு ஒரு ரிப்போர்ட் வேணுமாம். கடந்த மூண்டு மாதத்தில் வேலை தேடுற தளங்களுக்கும் வெளிநாட்டு விசாத் தளங்களுக்கும் போன ஆக்களின்ர பட்டியல்.

அண்ணை அண்டைக்கு லீவு. நாங்கள் மூண்டு பேரும் பயிற்சிக்காலத்தில் இருந்தம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பெட்டியில் 'வேலை தேடல்' எண்டு ஒரு வகையே தயாராக இருக்கு. நாலு கிளிக். பூட்டைத் திறக்கக்கூடத் தேவையில்லை, தளத்தின் பேரே போதும். ஒருத்தன் மட்டும், "மச்சான், இது குடுக்கலாமே?" எண்டு கேட்டான். மற்ற இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. ஐஞ்சு நிமிசத்தில் ரிப்போர்ட் போய்விட்டது. முப்பத்தேழு பேர்.

ஏழாவது பேர் கணக்குப் பகுதி அக்காவின்ர. நாங்கள் கொழும்புக்கு வந்த முதல் மாதம், சம்பளம் வரும் வரைக்கும், தன்ர சோத்துப் பார்சலைப் பிரிச்சுத் தந்தவ. வீட்டில் இருந்து மீன்குழம்பு கொண்டுவந்தால், "தம்பியவை சாப்பிட்டீங்களே?" எண்டு போன் எடுத்துக் கேக்கிறவ.

எங்கட மூண்டு பேரின்ர பேரும் அந்தப் பட்டியலில் இல்லை. நாங்கள் வேலை தேடாமல் இல்லை. தேடினது எங்கட போனில, எங்கட டேட்டாவில. ஏனெண்டால் பெட்டி என்ன பார்க்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியாது.

அந்த வருசப் பதவி உயர்வில் அக்காவின்ர பேர் வரவில்லை. அந்தப் பட்டியலால்தான் எண்டு எங்களால் சொல்ல ஏலாது. நெருக்கடியில் எத்தனையோ பேருக்கு உயர்வு கிடைக்கவில்லை. ஆனால் இல்லை எண்டும் சொல்ல ஏலாது. 2023இல் அக்கா கட்டாருக்குப் போனா. போறதுக்கு முதல் நாள் செர்வர் அறைக் கதவடியில் நிண்டு கேட்டா:

"தம்பி, ஒஃபிஸ் கொம்பியூட்டரில நாங்கள் பார்க்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே?"

"எல்லாம் தெரியாது அக்கா" எண்டு சொன்னம்.

அது பொய்.

இதுக்கிடையில் பெட்டியின்ர மற்றப் பக்கமும் எங்களுக்குத் தெரியவந்தது. இரும்பை ஒருக்கா வாங்கலாம். அதின்ர அறிவை வருசாவருசம் வாங்கவேணும். புது வைரஸ் எது, புதுத் தாக்குதல் எப்படி இருக்கும் எண்டதெல்லாம் சந்தா கட்டினால்தான் தினமும் வந்து இறங்கும். எங்கட முதல் வருசச் சந்தா 2022 கடைசியில் முடிஞ்சது. வாங்கேக்க டொலர் 200 ரூபா. புதுப்பிக்கேக்க 360க்கு மேல. அதுவும் வங்கியில் டொலர் எடுக்கிறதே பெரும்பாடு. கோப்பு மேசை மேசையாகப் போய்த் திரும்பி வர 23 நாள் எடுத்தது. அந்த 23 நாளும் பெட்டியின்ர பச்சை வெளிச்சம் வழமைபோல எரிஞ்சது. ஆக்களும் வழமைபோல வேலை செய்தினம். உள்ளே இருந்த சென்றிக்காரருக்கோ புதுசாய்த் தேடப்படுற ஒருத்தரின்ர படமும் வரவில்லை.

அந்த நாட்களில் கட்டுநாயக்கப் பக்கத்துக் கிளைக்கு ஒரு இன்வொய்ஸ் ஈமெயில் வந்தது. பெட்டி விட்டுவிட்டது. அதைத் திறக்காமல் எங்களுக்குப் போன் எடுத்தது, அங்கே கிளார்க்காக இருந்த ஒரு நங்கி. "மல்லி, இவங்கள் எங்களுக்கு இன்வொய்ஸ் அனுப்பிறது எப்பவும் மாசக் கடைசியில. இது ஏன் ஐஞ்சாம் திகதி வருது?" எண்டு கேட்டா. கோடிக்கணக்கில் பெறுமதியான கொம்பனியை அண்டைக்குக் காப்பாற்றினது அந்த ஒரு கேள்விதான்.

இன்னொரு விசயம், பெட்டியும் ஒரு கணனிதான். அதுக்கும் ஓட்டை வரும். எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள இருந்தால் அந்த ஓட்டையும் எல்லாத்துக்குமான ஓட்டை. 2015 டிசம்பரில் ஜூனிப்பர் கொம்பனி, தன்ர நெட்ஸ்கிரீன் ஃபயர்வோல் மென்பொருளுக்குள்ள அனுமதியில்லாத நிரல் இருந்ததை அறிவிச்சது. காவல் பெட்டிக்குள்ள யாரோ ஒரு பின்கதவு வைச்சிருந்தினம். ஃபோர்டிநெட் 2019 மே மாதம் அடைச்ச ஒரு வீபிஎன் ஓட்டையால, ஏறக்குறைய 87,000 பெட்டிகளின் நுழைவு விபரங்கள் திருடப்பட்டு 2021 செப்டெம்பரில் வெளியில் வந்தது. ஓட்டையைப் பிறகு அடைச்சிருந்தாலும் பாஸ்வேர்ட்டை மாற்றாத ஆக்களுக்கு ஆபத்து அப்படியே இருந்தது. 2024 ஏப்ரலில் பாலோ ஆல்டோ பெட்டிகளில் வந்த ஓட்டைக்குக் குடுத்த ஆபத்துப் புள்ளி பத்துக்குப் பத்து. திருத்தம் வெளிவர முதலே அதைப் பாவிச்சு உள்ளே போயிருந்தினம். எங்களிட்ட இரண்டு பெட்டி இருந்தது எண்டு சொன்னமே, அது கரன்ட் போனால், இரும்பு பழுதானால் உதவும். ஓட்டைக்கு உதவாது. இரண்டிலயும் ஓடுறது ஒரே மென்பொருள்.

எங்கட பெட்டிக்கும் அப்படி ஒரு அவசரத் திருத்தம் வந்தது. போட அரை மணித்தியாலம் நெட்வேர்க்கை நிறுத்தவேணும். கேட்டம். மாசக் கடைசி, இப்ப ஏலாது. பிறகு சம்பள நாள். பிறகு கணக்காய்வு. ஐஞ்சு கிழமை அந்த ஓட்டையோடயே இருந்தம். ஒண்டும் நடக்கவில்லை. அதிர்ஷ்டம்தான். அந்தக் காலத்தில்தான், 2023 ஓகஸ்டில், அரசாங்கத்தின் மேகக் கணிமையில் ரான்சம்வெயார் புகுந்து, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்குமான அரச ஈமெயில்கள் காப்புப் பிரதி இல்லாமல் அழிஞ்சுபோன செய்தி வந்தது. அதை அச்சடிச்சு மனேஜரின்ர மேசையில் வைச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமையே அரை மணித்தியாலம் கிடைச்சது.

அண்ணை இப்ப மெல்பேர்னில். போக முதல் சாவிகளை எங்களிட்டத் தந்திட்டுப் போனார். நாங்களும் நிரந்தரமாகிவிட்டம், கொஞ்சம் வாய் திறக்கலாம். செய்தது பெரிசாய் ஒண்டுமில்லை. வங்கி, ஆஸ்பத்திரித் தளங்களின்ர பூட்டைத் திறக்கிறதை நிறுத்தினம். பெட்டியின்ர அட்மின் பக்கத்தை வெளி இணையத்தில் இருந்து மறைச்சம். மூண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட் இருந்ததை மாற்றி ஆளுக்கொண்டாக்கினம். இப்ப யார் எந்த ரிப்போர்ட் எடுத்தது எண்டதும் பதிவாகும், எங்கட பேரோட. காப்புப் பிரதிகளைப் பெட்டியை நம்பாத இடத்தில் வைச்சம்.

கடைசியாக ஒரு அறிவித்தல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு எளிமையான கொள்கை இருக்கு. ஒரு நோக்கத்துக்குச் சேர்த்த தரவை அதுக்குப் பொருந்தாத இன்னொரு நோக்கத்துக்குப் பாவிக்கக்கூடாது. வைரஸ் பிடிக்கச் சேர்த்த பதிவை வைச்சு ஆள் பிடிக்கக்கூடாது எண்டு நாங்கள் அதை விளங்கிக்கொண்டம். அதைக் காட்டி, ஒஃபிஸ் கணனியில் என்ன பார்க்கப்படுது, என்ன பார்க்கப்படாது, யார் கேட்டால் என்ன குடுக்கப்படும் எண்டு மூண்டு மொழியிலும் எழுதி, கையெழுத்து வாங்கி ஒட்டினம். அதுக்கு எட்டு மாதம் எடுத்தது. பெட்டியைப் பூட்ட ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இதை வாசிக்கிற உங்களில் கன பேர் இப்ப ஏதோ ஒரு ஒஃபிஸில் இருப்பீங்கள். உங்கட இடத்திலயும் ஒரு ராக்கில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அது கூடாத சாமான் இல்லை. அது இல்லாமல் ஒரு பெரிய கொம்பனி ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்காது. ஆனால் அது என்ன பார்க்குது எண்டு ஐடிக்காரரிட்டக் கேளுங்கோ. கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. ஐடியில் வேலை செய்யிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒண்டு சொல்லுறம். அந்த ரிப்போர்ட்டை உங்களிட்டயும் ஒருநாள் கேட்பினம். நாலு கிளிக்தான். கேட்கிறதை எழுத்தில் தரச் சொல்லுங்கோ. அதையாவது கேளுங்கோ. நாங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை.

எழுதி முடிச்சதும் முதலில் அக்காவுக்குத்தான் வாட்சப்பில் அனுப்பினம். இரண்டு நீலச் சரியும் விழுந்திருக்கு. இன்னும் பதில் வரவில்லை.